வாலில் ஒரு மேடு

மெஷின்தான் கெட்டுப்போய்விட்டது என்று முதலில் நினைத்தாள்.

மூச்சை அளக்கிற, கைக்கு அடக்கமான அந்தப் பெட்டியைக் கவிழ்த்து உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினாள். குழாயைக் கழற்றிப் புதுக் குழாய் மாட்டி, தானே ஒரு தடவை தம் பிடித்து ஊதினாள். திரையில் கோடு சரேலென்று உச்சிக்கு ஏறியது, சரிந்தது, எலிவால்போல மெலிந்து தரையைத் தொட்டது. அப்படித்தான் இருக்கவேண்டும். பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. ஆனால் காலையிலிருந்து ஊதிவிட்டுப் போனவர்களில் ஒரே கும்பலைச் சேர்ந்த ஆட்களுக்கு மட்டும், காற்றெல்லாம் தீர்ந்து கோடு படுத்துக்கொள்ளவேண்டிய இடத்தில், வாலில் ஒரு சின்ன மேடு. சிலருக்கு இரண்டு. காலியாகிவிட்ட பைக்குள் கையை விட்டு மறுபடி சாமான் எடுப்பதுபோல.

இரண்டு தெரு தள்ளி, லோடர் ஒன்று இடிபாட்டை அள்ளி லாரியில் கொட்டியது. ஹாலின் ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. அந்தச் சத்தத்துக்குப் பழகிவிடலாம் என்று வந்த நாளிலிருந்து பார்க்கிறாள். உடம்பு கேட்கமாட்டேன் என்கிறது. ஒவ்வொரு தடவையும் தோள் தூக்கிப்போடுகிறது.

அங்கே ஐந்து மாடிக்கு ஒரு ஜவுளிக் கட்டடம் இருந்தது. மேலேயெல்லாம் துணிக்கடை. அடித்தளத்தில் யாருக்கும் தெரியாமல், அதாவது தெரியவேண்டிய எல்லோருக்கும் தெரிந்தே, பெயிண்டும் ஃபோம் மெத்தையும் பிளாஸ்டிக் குழாயும் அடைத்துவைத்திருந்தார்கள். தீப்பிடித்தது. எரிந்தது, புகைந்தது, ஒரு மத்தியானம் மளமளவென்று கீழே உட்கார்ந்துகொண்டது. புகை அடங்கியதும் எல்லோரும் அப்பாடா என்றார்கள். புகையாவது கண்ணை எரித்துச் சொல்லிவிட்டு வந்தது. பின்னால் வந்த தூசு ஒன்றும் சொல்லவில்லை. சலித்த மாவுபோல மெத்தென்று வந்து எல்லாவற்றின்மேலும் உட்கார்ந்தது. அதில் சிமெண்டு இருந்தது, அரைபட்ட கண்ணாடி இருந்தது, கூரைத் தகடுகளின் நார் இருந்தது, எரிந்த பிளாஸ்டிக்கின் கரி இருந்தது. அதைத்தான் ஆட்கள் நாள் முழுக்க அள்ளிக்கொண்டிருந்தார்கள், மூக்கில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு. நல்ல முகக்கவசம் ஒருநாள் வந்தது. பெரிய அதிகாரிகள் பார்வையிட வந்த நாள் அது. போட்டோ எடுத்து முடிந்ததும் அவர்கள் காரிலேயே திரும்பிப் போய்விட்டது.

அப்புறம் ஒரு ஆள் கூடையோடு சுருண்டு விழுந்தான். செய்தியில் வந்தது. செய்தியில் வந்ததால் முகாம் வந்தது. பள்ளிக்கூட ஹால் ஒன்றைக் காலிசெய்து, ஒரு டாக்டரையும், ஆஸ்பத்திரியில் நுரையீரல் சோதனை எடுக்கிற இவளையும், பெட்டியையும் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். இந்த வயதுக்கும் இந்த உயரத்துக்கும் நெஞ்சில் இவ்வளவு காற்று இருக்கவேண்டும் என்று ஒரு அட்டவணை. அதில் நூற்றுக்கு எண்பதுக்குக் கீழே போனவன் இடிபாட்டுக்குள் வரக்கூடாது. வரக்கூடாது என்று எழுதியவர்கள், வேறு எங்கே போகலாம் என்று எழுதவில்லை. ஆளைக் காப்பாற்ற வந்த பெட்டி இரண்டே நாளில் ஆளைக் கழித்துக்கட்டுகிற பெட்டியாகிவிட்டது. வேலைக்கு ஆள் எடுக்கிற மேஸ்திரி வாசலிலேயே நின்றுகொண்டு, எண்பதைத் தாண்டியவனை இந்தப் பக்கம், தாண்டாதவனை அந்தப் பக்கம் என்று ஆடு பிரிப்பதுபோலப் பிரித்தான்.

ஆகவே எவனுக்கும் இருமல் கிடையாது. எவனுக்கும் மூச்சு வாங்காது. டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

அவளுக்கு ஊதம்மா என்று பெயர் விழுந்திருந்தது. "ஊது, ஊது, ஊது, விடாதே, இன்னும், இன்னும், அடிவயித்துலேர்ந்து" என்று அவள் கத்துவது தெருவரைக்கும் கேட்கும். கத்தினால்தான் மனிதன் கடைசிச் சொட்டுவரை ஊதுவான். குடும்பத்தில் முதல் பட்டதாரி; படித்து வாங்கிய பட்டத்துக்குக் கிடைத்தது ஊதம்மா. அதில் அவளுக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் மூக்குக் கிளிப்புக்குத்தான். ஊதும்போது மூக்கு வழியாகக் காற்று போகாமல், வராமல் கவ்விக்கொள்கிற அந்தச் சின்ன கிளிப் ஒரே ஒரு டப்பாதான் வந்தது, முதல் நாளே தீர்ந்தது. இன்னும் அனுப்புங்கள் என்று கேட்டதற்கு, ஆட்களையே கையால் மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல் என்று பதில் வந்தது. கத்தரிக்காமலே தைத்துக்கொள் என்பதுபோல இருந்தது அவளுக்கு. வாயை மூடிக்கொண்டு அப்படியே செய்தாள். இப்போது வாலில் மேடு.

அடுத்து மலை வந்தான். ஆள் மலைபோல இருந்ததால் மலை. நாற்காலி பள்ளிப் பிள்ளைகளுடையது, அதில் உட்காரச் சொன்னால் உடைந்துவிடும் என்று நின்றபடியே குழாயை வாயில் வைத்தான். இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டான். ஊதினான். பாதியில் கன்னம் இரண்டும் தவளைபோல உப்பின, விரல் நெகிழ்ந்தது, மூக்கிலிருந்து பன்றி உறுமுவதுபோல ஒரு சத்தம் வந்தது. வரிசையில் நின்றவர்கள் குபீரென்று சிரித்தார்கள்.

"டேய், கன்னத்துல வச்சுக்கடா. கன்னத்துல வச்சுக்கிட்டு மூக்கால இழு. எத்தனை தடவை சொன்னாரு?" என்று பின்னாலிருந்து ஒருவன் குசுகுசுத்தான்.

திரையில் எண்பத்தொன்று. வாலில் மூன்று மேடுகள், ஒட்டகம் கணக்காக.

கன்னத்தில் வைத்துக்கொண்டு மூக்கால் இழுப்பது. அவளுக்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணி போனில் பேசியது அப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது. அண்ணி இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, "உங்கண்ணன் படுக்கிறதே இல்ல. படுத்தா இருமுறார். சுவத்துல சாஞ்சுக்கிட்டே தூங்குறார். நான் சொன்னேன்னு சொல்லிடாத." இன்னொன்று, அவர் வேலை செய்கிற கும்பல் மொத்தமும் வீட்டுக்கு வந்து, ஆளுக்கொரு டம்ளர் தண்ணியில் உறிஞ்சு குழாயை விட்டுக் குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது, ஒருத்தருக்கும் மீசை முளைத்த புத்தி இல்லை என்றும், டம்ளர் போதாமல் பல் தேய்க்கிற குவளையைக்கூட எடுத்துக்கொண்டார்கள் என்றும் சொல்லிச் சிரித்தாள். முதல் விஷயத்தின் கவலையில் இரண்டாவதை இவள் கவனிக்கவில்லை.

அவள் அண்ணன் கிளாரினெட் வாசிக்கிறவன். கல்யாண சீசனில் பேண்டு செட். சீசன் இல்லாதபோது இடிக்கிற வேலை, அள்ளுகிற வேலை. பேண்டில் அவன் பெயர் தம்கட்டி. நடுவில் மூச்சு எடுக்காமல் இழுத்துக்கொண்டே போவான். அதற்கு ஒரு வித்தை உண்டு. கன்னத்தில் காற்றை அடக்கி அதை வாத்தியத்துக்குள் தள்ளிக்கொண்டே, அந்த நொடியில் மூக்கு வழியாகப் புதுக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்வது. கேட்கிறவனுக்கு மூச்சே விடவில்லை என்று தோன்றும். டம்ளர் தண்ணியில் குமிழி அறாமல் விட்டுத்தான் அதைப் பழகுவார்கள். மூக்கை மூடிவிட்டால் வித்தை செத்தது. மூக்கு லேசாகத் திறந்திருந்தால், இல்லாத காற்றையெல்லாம் பெட்டிக்குள் ஊற்றிக் காட்டலாம்.

எழுந்து வெளியே போனாள். வரிசையின் வாலில் சுவரோரம் குந்தியிருந்தான் அண்ணன். முட்டிக்கால் தையல் மெஷின் மிதிப்பதுபோல ஆடிக்கொண்டேயிருந்தது. அந்தக் கட்டடம் எரிந்த நாளிலிருந்து அந்தக் கால் நிற்கவில்லை. அன்றைக்குக் கல்யாண ஊர்வலம் ஒன்று முடித்து அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தவன், வாத்தியத்தை ஒரு கடை வாசலில் வைத்துவிட்டு உள்ளே ஓடினான். பேண்டு கோட்டோடு மூன்று தடவை போய்வந்தான். யாரை எல்லாம் தூக்கிவந்தான் என்று கேட்டால் இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியாது. கறுப்பாகத் துப்பிக்கொண்டிருந்தான் அந்த வாரம் முழுக்க. அது அடங்குவதற்குள் அள்ளுகிற வேலைக்குப் போய்விட்டான்.

"குமிழி விடச் சொல்லிக் கொடுத்தியா?" என்றாள்.

அவன் சிரித்தான். மாட்டிக்கொண்டால் முதலில் சிரிப்பது அவன் வழக்கம்.

"ஒரே நாள்ல வராது பாப்பா. எனக்கே ரெண்டு வருஷம் ஆச்சு. ஆனா பசங்க பரவால்ல, புடிச்சுக்கிட்டானுங்க. மலைதான் கொஞ்சம் மக்கு."

பெருமை வேறு. அவளுக்கு வாயில் வந்ததெல்லாம் அந்த இடத்தில் சொல்லக்கூடியதாக இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, உனக்கு மூளை இருக்கவேண்டிய இடத்திலும் காற்றுதான் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. சொல்லிப் புரியவைக்கிற குரலில், பையன்கள் பயந்துபோயிருக்கிறார்கள், போன கும்பலில் பாதிப் பேரை மேஸ்திரி அன்றைக்கே விரட்டிவிட்டான், ஒருத்தன் வீட்டில் அடுப்பு எரியவில்லை, நீங்கள் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் ஆயிற்றா, யாருக்கும் ஒன்றுமில்லை, சளிதான், தூசு அடங்கினால் அதுவும் அடங்கும் என்று அடுக்கினான். நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு எடுத்தான். எடுத்தது அவனுக்குத் தெரியவில்லை.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஹாலுக்குள் வந்தாள். மலை இன்னும் மேஜைப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான், பாஸா ஃபெயிலா என்று தெரியாமல்.

"இன்னொரு தடவை ஊது. மூக்கை நான் பிடிக்கிறேன்."

மலை அண்ணனைப் பார்த்தான். அண்ணன் மேலே பார்த்தான், கூரையில் சுற்றுகிற காற்றாடியைப் பார்க்கிறவன்போல. அவள் எக்கி நின்று மலையின் மூக்கை இடது கையால் அழுத்திப் பிடித்தாள். தூசும் வியர்வையும் சேர்ந்து வழுக்கியது. சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தாள். ஊது என்று கத்தினாள். அவ்வளவு பெரிய உடம்பு முன்னால் வளைந்து, கழுத்து நரம்பு புடைத்து, கண் சிவந்து ஊதியது. கோடு ஏறியது. ஏறினதும் தெரியவில்லை, விழுந்ததும் தெரியவில்லை. மலை ஊதியதற்குத் திரையில் வந்தது ஒரு சின்னக் கரடு.

அறுபத்தொன்று.

திரையை அண்ணன் பக்கம் திருப்பினாள். அவன் திரையைப் பார்த்தான், மலையின் நெஞ்சைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். மலைக்கு மூச்சு இன்னும் இறங்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வெட்கப்பட்டவன்போலச் சிரித்து, "ஒண்ணுமில்லண்ணே. நேத்து நைட்டு சரியா தூங்கல, அதான்" என்றான்.

"நீயும் சாஞ்சுக்கிட்டுத்தான் தூங்குறியா?" என்று அண்ணன் கேட்டான்.

"நீயுமா?" என்று மலை கேட்கவில்லை. கேட்கத் தெரியாத ஆள். தலையை மட்டும் ஆட்டினான்.

அண்ணனின் முட்டி ஆடாமல் நின்றது. கொஞ்ச நேரந்தான். அப்புறம் மற்றக் கால் ஆரம்பித்தது.

"என்னுது எடு" என்றான் அவளிடம்.

அவன் குழாயை வாயில் வைத்ததும் அவள் அவன் மூக்கைப் பிடித்தாள். சின்ன வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தால் கசப்பு மருந்து கொடுக்கிற வேலை அவனுடையது. இப்படித்தான் பிடிப்பான், நகம் பதிகிற மாதிரி. மூக்கைப் பிடித்தால்தான் இவள் வாய் திறக்கும் என்று அம்மாவிடம் சொல்லுவான். எத்தனை வருஷக் கடன் என்று நினைத்துக்கொண்டே அழுத்தினாள். "ஊது, ஊது, ஊது, விடாதே." மற்றவர்களுக்குக் கத்துவதைவிடக் கூடுதலாகவே கத்தினாள். அவன் கன்னம் பழக்கத்தில் உப்பப் பார்த்தது, அடக்கிக்கொண்டான். ஒழுங்காக ஊதினான். வாத்தியக்காரன் ஊத்து, தொடக்கம் சுத்தமாக இருந்தது. கோடு வளைந்து இறங்கி, மேடு இல்லாமல், தரையில் முடிந்தது.

எண்பத்து நாலு.

"பாஸ்" என்று வரிசையில் ஒருவன் சொன்னான். அண்ணன் மூக்கைத் தேய்த்துக்கொண்டே, பார்த்தாயா என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினான். நிம்மதியில் முகமே பாதி வயது குறைந்துவிட்டது.

"பாஸ் ஆகுறவன் எதுக்கு காப்பி அடிக்கணும்?" என்றாள் அவள்.

புருவம் இறங்கியது.

அவள் படித்துக்கொண்டிருந்தபோது, கல்லூரியில் இதேமாதிரி ஒரு பெட்டி இருந்தது. யாரையாவது கூட்டிவந்து ஊதவைத்துப் பழகிக்கொள்ளுங்கள் என்றார்கள். அவள் அண்ணனைக் கூட்டிப்போனாள். அவன் ஊதிய ஊத்தில் கோடு திரையின் தலையில் முட்டிக்கொண்டு நின்றது. அட்டவணையில் நூறு என்றால் அவனுக்கு நூற்று முப்பதுக்கு மேலே. டீச்சர் நம்பாமல் கிளிப்பை மாற்றி மறுபடி ஊதச் சொன்னார், மறுபடியும் அதே கதை. பக்கத்து வகுப்புப் பெண்களெல்லாம் வாசலில் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். இது நெஞ்சா, டயர் கடையா என்று ஒருத்தி கேட்டாள். அண்ணன் அதை ஒரு வருஷம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தான், வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும், டயர் கடை, டயர் கடை என்று.

அந்தக் கடையில் இப்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி. ஆனால் அட்டவணைக்கு அது தெரியாது. அட்டவணைக்குத் தெரிந்ததெல்லாம் இந்த உயரத்தில், இந்த வயதில், யாரோ ஒரு சராசரி ஆள். நூறில் இருந்தவன் எழுபதுக்கு இறங்கினால் பெட்டி கத்தும். நூற்று முப்பதில் இருந்தவன் எண்பத்து நாலுக்கு இறங்கினால் சபாஷ், போய் இன்னும் கொஞ்சம் அள்ளு என்று அனுப்பிவிடும். இவனுக்கு அது தெரிந்திருக்கிறது. தனக்குள் என்ன குறைந்திருக்கிறது என்று தெரிந்ததால்தான் கோட்டுக்குக் கீழே போய்விடுவோம் என்று பயந்திருக்கிறான். நாலு புள்ளி மேலே நிற்பான் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு, அண்ணனையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனாள். மலை தானாகவே பின்னால் வந்தான்.

டாக்டர் ஹாலின் மறுகோடியில் கரும்பலகைக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெறவேண்டிய வயது. வேலைச் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டுப் போட்டு விரலை உதறிக்கொண்டேயிருப்பார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களை உட்காரவைத்தால்தானே இப்படி வேலையெல்லாம் ஓடும் என்று அவள் நினைத்ததுண்டு. மூக்கு விஷயத்தை அவள் அவரிடம் சொல்லவில்லை. அதைச் சொன்னால் கும்பல் முழுவதும் மாட்டும், முதலில் மாட்டுவது அண்ணன். மலைக்கு மறுபடி எடுத்ததில் குறைவாக வந்தது என்று மட்டும் சொன்னாள். பிறகு அண்ணனுடைய பழைய அளவைச் சொன்னாள்.

டாக்டர் அக்கறையாகவே கேட்டார். "அந்தப் பழைய ரிப்போர்ட் இருக்கா?"

"இல்ல சார். பழகுறதுக்காக எடுத்தது. நான் கண்ணால பார்த்தேன்."

"கண்ணு ரிப்போர்ட் ஆகாதும்மா. எண்பத்து நாலு வந்திருக்கு. இதை வச்சு இவரை நான் எப்படி நிறுத்துறது? நாளைக்கு எவனாவது ஏன் நிறுத்தினன்னு கேட்டா, தங்கச்சி சொன்னான்னா எழுதுறது?"

வாசலிலிருந்து மேஸ்திரி எட்டிப் பார்த்தான். எண்பத்து நாலு என்பது அவன் காதிலும் விழுந்துவிட்டது. அண்ணனுடைய சீட்டை வாங்கக் கையை நீட்டிக்கொண்டே உள்ளே வந்தான். கும்பலில் நல்லா வேலை தெரிந்த ஆள் இவன் ஒருவன்தான், கீழ்த்தளத்தை இன்றைக்குத் திறக்கவேண்டும், நேரமாகிறது என்றான். கீழ்த்தளம் என்றால் பெயிண்ட் எரிந்த இடம்.

டாக்டர் பேனாவை எடுத்தார். எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை, பதில் தெரிந்தவர் கேட்பதுபோலவே, காகிதத்தைப் பார்த்தபடி கேட்டார். "இருமல், மூச்சு வாங்குறது, எதாவது?"

அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவதுபோல ஆகிவிடும், கெஞ்சினால் அவன் இல்லை என்பான். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். கரும்பலகையில் யாரோ பிள்ளை எழுதி அழிக்காமல் விட்ட கணக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காற்றாடி கிரீச்சிட்டது. மலை ஈரமாக இருமினான், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு.

"வாசிக்கிறப்ப தெரியுது டாக்டர்" என்றான் அண்ணன்.

டாக்டரின் பேனா நின்றது.

"மாப்பிள்ளை ஊர்வலத்துல ஒரு பாட்டு வாசிப்போம். அதுல கடைசி இழுப்பு என்னுது. தெருமுனைல ஆரம்பிச்சா அடுத்த முனை திரும்புற வரைக்கும் ஒரே மூச்சுல இழுப்பேன். இந்த மூக்கால எடுக்கிற வித்தையெல்லாம் அதுக்குத் தேவையே இல்ல, அது சும்மா பந்தாவுக்கு. போன வாரம் வித்தையையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். பாதித் தெரு தாண்டல." நிறுத்தி மூச்சு எடுத்தான். இந்தத் தடவை எடுத்தது அவனுக்கே தெரிந்தது. "படுத்தா இருமல். சாஞ்சுக்கிட்டுத்தான் தூங்குறேன். வீட்ல கேட்டா முதுகு வலின்னு சொல்லிவச்சிருக்கேன்."

"மூக்கால எடுக்கிற வித்தைன்னா?" என்றார் டாக்டர்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணன் சொன்னான், முழுக்கச் சொன்னான். டம்ளரைச் சொன்னான், பல் தேய்க்கிற குவளையைச் சொன்னான். காலையில் எங்கள் கும்பலுக்கு எடுத்தது எதுவும் கணக்கில் சேராது, நான்தான் கெடுத்தேன், எல்லாருக்கும் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள் என்றான். டாக்டருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் இரண்டும் முகத்தில் வந்து போயின. பிறகு தன் முன்னால் இருந்த, காலையில் அவரே கையெழுத்துப் போட்ட சீட்டுகளைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

மேஸ்திரிதான் குதித்தான். வாங்கின சீட்டு வாங்கினதுதான், திரும்ப எடுக்கிறதெல்லாம் கிடையாது, இன்றைக்கு ஆள் இறங்கவில்லை என்றால் மேலே யாரிடம் பதில் சொல்வது என்று ஹாலே அதிரக் கத்தினான்.

"எல்லாரையும் கழிச்சுட்டா யாரு அள்ளுறது? இந்த ஊதம்மா வந்து அள்ளுமா?"

"அள்ளுறேன்" என்றாள் அவள். "போட்டோவுக்கு வந்துச்சே ஒரு பெட்டி மாஸ்க், அதைத் திரும்பக் கொண்டாங்க. தூசு மேல தண்ணி அடிக்கச் சொல்லுங்க. நானும் வரேன், நீங்களும் கூடையை எடுங்க, சேர்ந்தே அள்ளலாம்."

மேஸ்திரி அவளை விட்டுவிட்டு டாக்டரிடம் திரும்பினான். டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். மலையும் அண்ணனும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் முழுச் சோதனை எடுக்கும்வரை தூசுப் பக்கமே போகக்கூடாது. மற்றவர்களுக்கு இப்போதே மறுபடி எடுக்கவேண்டும். எழுதி முடித்து, கொஞ்சம் யோசித்து, கீழே இன்னொரு வரியும் சேர்த்தார்: நிறுத்தப்பட்டவர்களுக்குத் தூசில்லாத வேலை கொடுக்கப்பட வேண்டும். மேஸ்திரி அதைப் படித்துவிட்டு, அப்படி ஒரு வேலை இந்த உலகத்திலேயே இல்லை என்று சொல்லிச் சீட்டை மேஜைமேல் போட்டுவிட்டுப் போனான். அதில் அவன் சொன்னது முழுப் பொய்யும் இல்லை என்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

வெளியே செய்தி அதற்குள் போய்விட்டது. காலையில் பாஸான கும்பல் மறுபடி வரிசைக்கு வந்தது, கடுகடுவென்று. அண்ணன் வாசலைத் தாண்டியதும் சுற்றிக்கொண்டார்கள். சொல்லிக் கொடுத்தவனும் நீ, காட்டிக் கொடுத்தவனும் நீ என்றான் ஒருவன். உன் தங்கச்சிக்கு மாசமானா சம்பளம், உனக்கென்ன, சாய்ந்துகொண்டு தூங்கு என்றான் இன்னொருவன். அது அவளுக்கும் கேட்டது. கேட்கவேண்டும் என்றுதான் சொன்னான். பேண்டில் யாராவது சுருதி தப்பினால் மற்றவர்கள் திட்டி முடிக்கும்வரை நிற்பானே, அப்படி நின்றான் அண்ணன். மலை மட்டும் நடுவில் புகுந்து, "எனக்கு அறுபத்தொண்ணுடா. உனக்கு எவ்வளவுன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

முதல் ஆள் மேஜைக்கு வந்தான். சற்றுமுன் மலைக்குக் கன்னப் பாடம் சொன்னவன் அவன்தான். அவள் மூக்கைப் பிடிக்கக் கையை நீட்டினதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். என் மூக்கை நானே பிடித்துக்கொள்வேன், பொம்பளை கை படவேண்டாம் என்றான். கிளிப் இல்லாமல் உன் கையை நம்பமாட்டேன் என்றாள் அவள். அப்படியென்றால் ஊதமுடியாது, என்ன செய்வாயோ செய் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வரிசை முழுவதும் கையைக் கட்டிக்கொண்டது.

அண்ணன் உள்ளே வந்தான். அடிபட்டவன்போலத் தோள் தொங்கியிருந்தது. மேஜையைச் சுற்றி வந்து அவள் பக்கத்தில் நின்று, விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"மூக்கைக் காட்டு" என்றான் அந்த ஆளிடம்.

"அண்ணே, நீயேவா?"

"நான்தானே திறந்துவிட்டேன். நானே மூடுறேன். காட்டு."

அந்த ஆள் அவனை முறைத்தான். முறைத்துக்கொண்டே குழாயை வாயில் வைத்தான். அண்ணன் மூக்கைப் பிடித்தான், நகம் பதிகிற மாதிரி. அவள் ஊது என்று ஆரம்பிப்பதற்குள் அவனே ஆரம்பித்துவிட்டான். ஊதுடா, விடாதே, கன்னத்துல வைக்காத, உள்ள இருக்கிறதை மட்டும் குடு, இன்னும், இன்னும். கத்தக் கத்த அவனுக்கே இருமல் கிளம்பியது. முகத்தைத் தோள்பக்கம் திருப்பிக்கொண்டு இருமினான், குனிந்து குனிந்து, கண்ணில் தண்ணீர் வர.

இரண்டு தெரு தள்ளி லோடர் கொட்டியது. கண்ணாடிகள் கிடுகிடுத்தன. அவள் தோள் தூக்கிப்போட்டது. அண்ணன் அந்த ஆளின் மூக்கிலிருந்து விரல்களை எடுக்கவில்லை. திரையில் கோடு இறங்கிக்கொண்டிருந்தது, வாலில் மேடில்லாமல்.